அளவுகோலை முதலில் அளப்போம்
பிரதிபலிப்புத் தொலைநோக்கியின் ஆடிகளை நேராக்கும் பாடம்

நம் வாசகர் குடும்பங்களில் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். அவற்றில் பாதி இப்போது பரணில் இருக்கும் என்பது என் ஊகம். எங்கள் வீட்டுத் தொலைநோக்கியும் ஏழு மாதம் பரணில்தான் கிடந்தது. அதை மறுபடி கீழே இறக்கிய கதையையே இங்கு பாடமாக எழுதுகிறேன்.

பொம்மனஹள்ளியில் எங்கள் குடியிருப்பு ஓசூர் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கும் இடம் உண்டு. அங்கேதான் மகளும் நானும் முதல் நாள் தொலைநோக்கியை நிறுத்தினோம். ஆடியின் குறுக்களவு 150 மி.மீ., குவியத் தொலைவு 750 மி.மீ. நிலவு அழகாகத் தெரிந்தது. மகிழ்ச்சியில் உருப்பெருக்கத்தை 150 மடங்காக்கி வியாழனைப் பார்த்தோம். பட்டைகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் வால் முளைத்த வெள்ளைக் கொழுக்கட்டை ஒன்று தெரிந்தது. "அப்பா, இதுக்கு ஃபோட்டோவிலேயே பாத்திருக்கலாம்" என்றாள் மகள். நான்காம் நாள் அவள் மாடிக்கு வரவில்லை.

ஆடிகள் நேராக இல்லை என்பது எனக்குப் புரிந்தது. எண்ணூறு ரூபாய் கொடுத்து லேசர் கருவி ஒன்றை வரவழைத்தேன். கூட வந்த காகிதத்தில் சொன்னபடியே திருகுகளைத் திருப்பி, லேசர்ப் புள்ளி புறப்பட்ட துளைக்கே திரும்பி வருமாறு செய்தேன். வியாழன் முன்னைவிட மோசமானது. ஆடியே பழுது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றித் தேய்க்கக் கொடுக்கலாமா என்று விசாரிக்கவும் தொடங்கிவிட்டேன். பிறகு எல்லாம் பரணுக்குப் போயிற்று.

அதை இறக்கச் செய்தவர் எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் பெரியவர் ஒருவர். சேலத்துக்காரர். இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்ததே இல்லை. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, அந்த லேசர் நேரா இருக்குதான்னு பாத்தீங்களா?"

இந்தப் பாடத்தின் சாரம் அந்தக் கேள்விதான். அதற்கு விடை காணுமுன், தொலைநோக்கிக்குள் ஒளி எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒளி போகும் வழி

இந்த வகைத் தொலைநோக்கியை நியூட்டன் 1668இல் செய்தார். குழாயின் அடியில் ஒரு குழியாடி. ஆடி என்றால் கண்ணாடி. ஆடி மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதைத் தமிழை வீட்டில் மட்டுமே கேட்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இதை முதன்மை ஆடி என்போம். விண்மீனின் ஒளி இதில் பட்டுக் குவிந்து மேலே திரும்புகிறது. குழாயின் வாய்க்கருகே 45 பாகை சாய்வாக ஒரு சிறிய சமதள ஆடி நிற்கிறது, இது சாய்வாடி. அது ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணருகு வில்லை செருகும் குழலுக்கு அனுப்புகிறது. அந்தக் குழலை முன்னும் பின்னும் நகர்த்தும் உறுப்பை எல்லோரும் ஃபோகசர் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

முதன்மை ஆடி பரவளைய வடிவமுடையது. இவ்வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு. தன் அச்சின் மேலுள்ள விண்மீனை மட்டுமே அது கூர்மையான புள்ளியாக்கும்; அச்சைவிட்டு விலகிய விண்மீனுக்கு வால்மீனைப்போல வால் முளைக்கும். ஆகவே நாம் செய்ய வேண்டியது, அந்த அச்சு கண்ணருகு வில்லையின் நடுவே வந்து சேருமாறு இரண்டு ஆடிகளையும் சாய்த்து நிறுத்துவது. காலிமேஷன் என்று சொல்லப்படும் வேலை இவ்வளவே. தமிழில் அச்சு நேராக்கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு விலகினால் பாதகமில்லை? குவியத் தொலைவை ஆடியின் குறுக்களவால் வகுத்தால் குவிய விகிதம் கிடைக்கும். எங்களுடையது 750ஐ 150ஆல் வகுக்க, 5. இந்த விகிதத்தை மும்முறை பெருக்கி 0.022ஆல் மீண்டும் பெருக்கினால், கூர்மை கெடாத வட்டத்தின் குறுக்களவு மில்லிமீட்டரில் வரும். விகிதம் 8 என்றால் சுமார் 11 மி.மீ.; 5 என்றால் 2.8 மி.மீ.; 4 என்றால் 1.4 மி.மீ. மட்டுமே. பழைய நீளமான தொலைநோக்கிகள் ஏன் எதையும் பொறுத்துக்கொண்டன, இன்று விற்கும் குட்டையான குழாய்கள் ஏன் அடம்பிடிக்கின்றன என்பது இந்தக் கணக்கில் விளங்கும். வாங்குமுன் இது எனக்குத் தெரிந்திருந்தால் நீளமானதையே வாங்கியிருப்பேன்.

இன்னொரு கணக்கு. முதன்மை ஆடியின் பின்னால் மூன்று திருகுகள் உள்ளன. அவை மையத்திலிருந்து 60 மி.மீ. தூரத்தில் இருப்பதாகவும், ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வதாகவும் கொள்வோம். ஒரு திருகை நகர்த்தும்போது ஆடி மற்ற இரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல் சாய்கிறது. அந்தக் கோட்டிலிருந்து திருகுக்கு 90 மி.மீ. தூரம். எனவே ஒரு சுற்றுக்கு அச்சு, குவிய இடத்தில், 750ஐ 90ஆல் வகுத்த அளவு, அதாவது 8 மி.மீ.க்கு மேல் நகரும். நமக்கு அனுமதி மையத்திலிருந்து ஒரு பக்கம் 1.4 மி.மீ. ஆறில் ஒரு சுற்றிலேயே அது தீர்ந்துவிடும். திருகைக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோலத் திருப்பிய என்னைப் போன்றவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நான்கு ஆணிகளும் ஒரு சுவரும்

பெரியவரின் கேள்விக்கு வருவோம். மறுநாளே அவர் ஒரு பலகையோடு வந்தார். அதில் நான்கு ஆணிகளை இரண்டிரண்டாக, சாய்வாக அடித்து லேசர் கருவியைத் தொட்டிலில் போட்டதுபோல் கிடத்தினார். பட்டறைகளில் உருளையான பொருளைக் கிடத்தும் வீ பிளாக்கின் ஏழை உறவு என்று சொல்லலாம். ஐந்து மீட்டர் தூரத்துச் சுவரில் புள்ளி விழுந்தது. கருவியை மெல்லச் சுழற்றினார். கருவி நேராக இருந்தால் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். எங்கள் புள்ளி காபி டபராவின் வாய் அளவுக்கு ஒரு வட்டம் போட்டது. பென்சிலால் குறித்து அளந்தோம். குறுக்களவு 100 மி.மீ.

அதாவது ஐந்து மீட்டரில் 50 மி.மீ. கோணல், நூற்றுக்கு ஒன்று. 750 மி.மீ. தள்ளியிருக்கும் முதன்மை ஆடியில் இந்தக் கதிர் மையத்தைவிட்டு 7.5 மி.மீ. விலகி விழும். கதிர் எவ்வளவு விலகி விழுகிறதோ அதில் பாதியளவு அச்சு விலகி நிற்கும், புள்ளி தன் துளைக்கே ஒழுங்காகத் திரும்பி வந்தாலும்கூட. ஆக 3.75 மி.மீ. பிழையை நானே கையால் திருகித் திருகி உண்டாக்கியிருக்கிறேன். நமக்கு அனுமதியோ 1.4. என் ஆடியின் மையத்தில் அடையாளம் எதுவும் இல்லாததால், கதிர் விலகி விழுவதையும் நான் காணவில்லை. ஆடி பாவம், எந்தக் குற்றமும் செய்யவில்லை.

நம் வீட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இதே பிழை விண்வெளிக்கே போயிருக்கிறது. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர். அனுப்பிய படங்கள் மங்கலாக இருந்தன. விசாரித்தபோது, ஆடியைச் சோதிக்கும் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் தவறி அமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தவறான கருவி சொன்ன வடிவத்துக்கு ஆடியை மிகமிகத் துல்லியமாகத் தேய்த்துவிட்டார்கள். விளிம்பு சுமார் 2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாயிற்று. இதில் மனத்தை உறுத்துவது வேறொன்று. எளிமையான வேறு சோதனைக் கருவிகள் அப்போதே பிழையைக் காட்டியிருந்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று சொல்லி ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த் திருத்தும் கருவிகளைப் பொருத்திய பிறகே படம் தெளிந்தது.

லேசரை வைத்துக்கொண்டு பிலிம் டப்பாவை ஏளனமாகப் பார்த்த எனக்கு இது நன்றாகவே உறைத்தது.

எந்தக் கருவி?

பிலிம் டப்பா என்றேன். 35 மி.மீ. பிலிம் சுருள் வரும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. அம்மாக்கள் ஊசி, பொத்தான் போட்டு வைத்திருப்பார்கள். ஒன்றேகால் அங்குல ஃபோகசருக்குள் அது அளவெடுத்ததுபோல் நுழையும். அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, மூடியின் சரிநடுவில் 2 மி.மீ. துளை போட்டால் கருவி தயார். டப்பா கிடைக்காதவர்கள் தொலைநோக்கியோடு வரும் தூசு மூடியிலேயே துளையிடலாம். துளை நடுவில் இருக்கிறதா என்று அறிய, டப்பாவை ஃபோகசருக்குள் சுழற்றிக்கொண்டே பாருங்கள். உள்ளே தெரியும் காட்சி அசைந்தாடினால் துளை தப்பு. வேறு மூடி எடுங்கள். லேசருக்குச் செய்த அதே சோதனைதான்.

அடுத்ததாக முதன்மை ஆடியின் மையத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். கோப்பில் வைக்கும் தாளின் துளை கிழியாதிருக்க ஒட்டும் வெள்ளை வளையம் எழுதுபொருள் கடையில் கிடைக்கும். ஆடியின் அளவுக்கு ஒரு தாளை வட்டமாக வெட்டி, நான்காக மடித்து மையம் கண்டு, அதன் வழியே குறித்து ஒட்டுங்கள். அந்த இடம் எப்படியும் சாய்வாடியின் நிழலில் இருப்பதால் காட்சிக்குக் கேடில்லை. ஆடியின் முகத்தை மட்டும் விரலால் தொடவே கூடாது.

இப்போது பகல் வெளிச்சத்தில், குழாயைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு தொடங்கலாம். செங்குத்தாக நிறுத்திக்கொண்டு சாய்வாடியின் திருகைத் தொட்டால், ஆலன் கீ நழுவி நேரே முதன்மை ஆடியின் மேல் விழும். நான் அதை ஒரு கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறேன். துளை வழியே பார்த்து, முதலில் சாய்வாடி ஃபோகசருக்கு நேராக வட்டமாகத் தெரியுமாறு அமையுங்கள். பிறகு அதன் மூன்று சிறு திருகுகளால், முதன்மை ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளும் சாய்வாடிக்குள் தெரியுமாறு சாய்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக முதன்மை ஆடியின் பின்திருகுகள். ஒட்டிய வெள்ளை வளையத்துக்குள் உங்கள் துளையின் பிம்பம் வந்து உட்காரும்வரை சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஒருவர் திருப்ப, ஒருவர் பார்க்க என்று செய்தால் விரைவில் முடியும். எங்கள் வீட்டில் மகள் பார்த்துச் சொன்னாள், நான் திருப்பினேன்.

இவ்விடத்தில் ஒரு கண்ணி உண்டு. எல்லாம் முடிந்தபின் சாய்வாடியின் கரிய பிம்பம் மட்டும் நடுவில் இல்லாமல் முதன்மை ஆடியின் பக்கமாகச் சற்று ஒதுங்கித் தெரியும். பதறி அதைத் திருத்தப் போகாதீர்கள். ஒளிக்கூம்பு சாய்வாக வெட்டப்படுவதால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். சாய்வாடியின் சிறிய குறுக்களவைக் குவிய விகிதத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் ஒதுங்கும் அளவு கிடைக்கும், 45 மி.மீ. சாய்வாடிக்கு, விகிதம் 5 என்றால், 2 மி.மீ.க்குச் சற்று அதிகம்.

கடையில் வாங்குவதானால் என் ஓட்டு செஷயர் குழலுக்கு. பிலிம் டப்பாவின் படித்த தம்பி என்று சொல்லலாம். பக்கத்தில் ஒரு சாளரமும், உள்ளே 45 பாகைச் சாய்வில் பளபளக்கும் முகமும், நடுவில் துளையும் கொண்டது. ஒளிரும் வட்டத்தின் நடுவே கரும்புள்ளி தெளிவாகத் தெரிவதால், அதை வளையத்துக்குள் நிறுத்துவது எளிது. மின்கலம் வேண்டாம், கீழே விழுந்தாலும் கோணாது. ஆனால் இருட்டில் உதவாது. டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

அப்படியானால் லேசரைத் தூக்கி எறிவதா? வேண்டாம். இரவில், தனியாளாக, குழாயின் பின்பக்கம் நின்றுகொண்டே திருத்த அது வசதி. கருவியிலேயே அதை நேராக்கும் சிறு திருகுகள் இருந்தால், ஆணிப் பலகையில் சுழற்றியபடியே வட்டம் சுருங்கிப் புள்ளியாகும்வரை திருத்தலாம். எங்கள் பெரியவர் ஒரு பிற்பகலில் அப்படிச் செய்து கொடுத்தார். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்றை சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் ஓலோஃப் கார்லின் 2003இல் எழுதினார். லேசரைப் பார்லோ வில்லைக்குள் செருகி விடுவது அது. கதிர் விரிந்து ஆடியின் நடுப்பகுதி முழுவதையும் நனைக்கும். ஒட்டிய வளையத்தின் நிழல் திரும்பி வந்து விழும். அந்த நிழலை மையப்படுத்தினால் போதும். லேசர் சற்றே கோணலாக இருந்தாலும் நிழல் பொய் சொல்லாது. பார்லோ வில்லை பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருப்பதால் புதிய செலவும் இல்லை. லேசர்க் கதிர் நேராகவோ ஆடியில் பட்டோ கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுவர் கையில் அதைக் கொடுக்க வேண்டாம்.

கடைசிச் சாட்சி

எந்தக் கருவியை நம்பினாலும் தீர்ப்பு விண்மீனிடம்தான். 150 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு விண்மீனை நடுவில் வைத்துக் குவியத்தைச் சற்றே கலைத்தால், வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். நடுவிலுள்ள கரிய பொட்டும் வளையங்களும் ஒரே மையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் அகன்றிருந்தால், முதன்மை ஆடியின் ஒரு திருகை எட்டில் ஒரு சுற்று திருப்பி, விண்மீனை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மோசமானால் எதிர்ப்பக்கம், பயனில்லையென்றால் அடுத்த திருகு.

அயல்நாட்டுப் புத்தகங்கள் இதற்குத் துருவ விண்மீனைச் சொல்லும். அது நகராது என்பதால். நமக்கு அது ஒத்துவராது. பெங்களூர் இருப்பது சுமார் 13 பாகை அட்சரேகையில். ஆகவே துருவ விண்மீனும் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்திலேயே நிற்கும். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அந்தத் திசையில் அடுக்குமாடிகளும் நகரத்துப் புகையும்தான். அதைவிட நம் தலைக்கு மேலேயே போகும் விண்மீன்கள் மேல். தை மாதத்தில் ரோகிணி, பங்குனிக் கடைசியில் மகம், ஆவணியில் திருவோணம். மூன்றும் இரவு ஒன்பது மணி வாக்கில் உச்சிக்கருகே வரும். ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் காட்சியைக் கடந்து ஓடிவிடும். கையால் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தத் துரத்தலே விளையாட்டு. பாட்டி பஞ்சாங்கத்தில் சொல்லும் பெயர்கள் வானத்தில் உண்மையாகவே இருக்கின்றன என்பதை என் மகள் அன்றுதான் நம்பினாள்.

விண்மீன் மூக்கோணமாகத் தெரிந்தால் அது அச்சின் குற்றமன்று. கவ்விகள் ஆடியை இறுக்குகின்றன என்று பொருள். காகிதம் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள். வளையங்கள் கொதிநீர்போல் தளதளத்தால் ஆடி இன்னும் சூடாக இருக்கிறது. மாடியில் அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதுமா என்று கேட்பார்கள். சில்க் போர்டு சந்திப்பையும் ஓசூர் சாலையின் பள்ளங்களையும் கடந்து காரில் ஏற்றிச் செல்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சென்ற குளிர்காலத்தில் கிருஷ்ணகிரி வழியாக ஜவ்வாது மலைப் பக்கம் போனோம். அந்த மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே உள்ளது. ஹப்பிளின் ஆடிக்கு ஏறக்குறைய சமம். அதன் ஆடியைத் தேய்த்து மெருகேற்றியது நம் பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில். கோரமங்களாவில் உள்ள அந்த நிறுவனத்தின் வாசலைக் கடந்து நம்மில் எத்தனை பேர் நாள்தோறும் வேலைக்குப் போகிறோம்! அந்த ஆடியின் குவிய விகிதம் 3.25. நம் சூத்திரத்தில் போட்டால் கூர்மையான வட்டம் முக்கால் மில்லிமீட்டர்தான் வரும். அதை அகலமாக்கத் தனியே திருத்த வில்லைகள் வைத்திருக்கிறார்கள். மகள் காரில் வரும்போதே இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டாள்.

இறங்கியவுடன் செஷயரைச் செருகிப் பார்த்தோம். வளையத்தைவிட்டுப் புள்ளி முழுவதுமாக வெளியே போயிருந்தது. டார்ச்சை நான் பிடிக்க, திருகை அவள் திருப்பினாள். மூன்று நிமிடம் ஆயிற்று. வியாழனில் இரண்டு பட்டைகள் கோடு கிழித்தாற்போல் தெரிந்தன. பக்கத்தில் ஒரு துணைக்கோள், புள்ளியாக, வால் இல்லாமல்.